கன்டினியூட்டி

ஏழு நிமிடம் பதினோரு நொடி.
அதில் என் பங்கு
மாப்புக் கட்டை நுனியில் கட்டிய மைக்,
அதைத் தலைக்குமேல் தூக்கி மரத்துப்போன கை,
நான்காம் காட்சியில் சுவரில் விழுந்து
நகர மறந்த ஒரு நிழல்.

ரூவியில் எங்களுக்கு
வெள்ளிக்கிழமைதான் வெளிச்சம்.
ஜும்ஆ முடிந்து கடைகள் திறக்கும்வரை
ஷம்சுதீன் காக்காவின் லாண்டரிக்குள்
பாதி ஷட்டரில் குனிந்து நுழைவோம்.
ஏசியை அணைத்தால்
இரண்டே வசனத்தில் இன்னாசியின் சட்டை நனைந்துவிடும்.
அணைக்காவிட்டால்
படம் முழுக்க ஒரு விமானம்
கிளம்பிக்கொண்டே இருக்கும் என் காதில்.
சட்டையைக் காப்பாற்றினோம்.

கதை பெரிதில்லை.
இஸ்திரிக்குப் போட்ட சட்டையை
வாங்க வருகிறான் ஒருவன்.
ரசீது தொலைந்துவிட்டது.
அது தன்னுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டும்.
நிஸ்ரின் இதை எழுதியது
பேங்க் கவுன்ட்டரில் டோக்கனுக்குக் காத்திருந்தபோது,
சலான் தாளின் பின்பக்கத்தில்.

மூன்றாம் வாரம்
இன்னாசியை நிம்ர் எண்ணெய் வயலுக்கு மாற்றினார்கள்.
விஷவாயு முகமூடி கன்னத்தோடு ஒட்ட வேண்டுமாம்,
மயிரிழை இடைவெளிகூட ஆகாதாம்.
லீவில் வந்தவன் முகத்தில்
தாடி இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது,
காலண்டரைக் கழற்றிய சுவர்போல.

ஒட்டுத்தாடி வாங்கினோம், இரண்டரை ரியால்.
இஸ்திரி ஆவியில்
அவன் வாயைத் திறப்பதற்குமுன் அது கீழே விழுந்தது.
விழாவுக்கு ஒன்பது நாள்.
"அப்படியே எடு" என்றாள் நிஸ்ரின்.

ஆகவே எங்கள் படத்தில்
"என் சட்டை எங்கே?" என்று கேட்பவனுக்குத் தாடி உண்டு.
பதிலுக்குத் திரும்புபவனுக்கு இல்லை.

வாதி கபீரில் ஒரு பாட்மின்டன் கோர்ட்.
வலை கட்டும் கம்பங்களில் வெள்ளைத் துணி.
பத்து மணிக்குக் காலி செய்துவிட வேண்டும்.
பதினான்கு படங்கள்,
தமிழில் நாங்கள் மட்டும்.
அரபியில் எழுத்துப் போட்ட கைஸ்
நான்கு ஷவர்மாவோடு கணக்கை முடித்துக்கொண்டு
முதல் வரிசையில் தம்பிகளோடு உட்கார்ந்திருந்தான்.

படம் முடிந்ததும்
நடுவர் கண்ணாடியைக் கழற்றினார்.
"அந்தத் தாடி மறைகிற இடம்...
அயலகத்தில் அடையாளம் உதிர்வதன்
குறியீடாக எடுத்துக்கொள்ளலாமா?"

நிஸ்ரின் என்னைப் பார்த்தாள்.
ஒத்துக்கொள், ஒத்துக்கொள் என்று கண்ணைக் காட்டினேன்.
ஒரே ஓர் ஆமாம்.
கோப்பை அரை அடி கிட்டே வந்திருக்கும்.

"கம்பெனி சர்க்குலர் சார்"
என்றாள் மைக்கில்.

முன்வரிசைகள் சிரித்தன.
கேம்ப் பஸ்ஸில் வந்து
பின்னால் நின்றுகொண்டே பார்த்தவர்களில்
ஒருவர் தாடையைத் தடவிப் பார்த்தார்.
பக்கத்தில் இன்னொருவர்.
எனக்கு அப்போதுதான்
ரெக்கார்டரை அணைக்கவில்லை என்று ஞாபகம் வந்தது.
தடவுவதற்குச் சத்தம் இல்லை என்றாலும்
ஓடட்டும் என்று விட்டேன்.

பரிசு
ட்ரோனில் பாலைவனம் காட்டிய படத்துக்கு.
குறைசொல்ல முடியாது,
மணல் நன்றாகத்தான் நடித்திருந்தது.

நாற்காலி மடக்கும்போது
இன்னாசியின் வாய்ஸ் மெசேஜ்.
மெஸ்ஸுக்குப் பின்னால்
தண்ணீர்த்தொட்டி மேல் ஏறினால்தான்
அங்கே இரண்டு கோடு சிக்னல்.
"மக்கா, என்னைய அடையாளம் தெரிஞ்சுதா டே?"
குரலுக்குப் பின்னால் ஓயாத இரைச்சல்.
ஜெனரேட்டராக இருக்கும்.
எங்கள் படத்தில் ஏழு நிமிடமும் ஓடியதே,
அதன் தம்பிபோல் இருந்தது.

"தெரிஞ்சுது. ரெண்டு பேரையும் தெரிஞ்சுது"
என்று நான் பேசி அனுப்புவதற்குள்
மணி பத்தாகி ஆட்கள் வந்துவிட்டார்கள், மட்டையோடு.
நாங்கள் ஒரு பக்கம் முடிச்சை அவிழ்க்க
மறுபக்கம் இன்னும் தொங்கிய திரையில்
வந்து மோதியது
முதல் ஷட்டில்காக்.